இல்லாச் சட்டை

ஆமைத்திட்டுத் தீவில் எனக்குக் கொடுத்த வேலை, கால்தடம் அழிக்கிற வேலை. வெயில் ஏறுவதற்குள் கிழக்குக் கரை முழுக்க, முந்தின நாள் வந்துபோன விருந்தாளிகளின் காலடிகளை வாரியால் இழுத்து நிரவ வேண்டும். பின்பக்கமாக நடந்துகொண்டே இழுத்தால்தான் என் தடமும் சேர்ந்து அழியும். படகிலிருந்து இறங்குகிறவர்களுக்கு, அந்த மணலில் மனிதக் கால் பட்டதே இல்லை என்று தோன்ற வேண்டுமாம். ஆமை ஏறிய தடத்தை மட்டும் தொடக்கூடாது. ஆமை ஏறாத நாட்களில் அதையும் நானே போட்டு வைப்பேன். குப்புறப் படுத்து, முழங்கையை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஊன்றி ஊர்ந்தால் அச்சாக ஆமைத்தடம் விழும். என் வயிற்றுத் தடத்தைப் படம் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போனவர்கள் எத்தனையோ பேர்.

தீவு எங்கள் பனையங்குடாவுக்கு நேர் எதிரே, வள்ளத்தில் அரைமணி நேரத் தூரத்தில் இருக்கிறது. முப்பது வருசம் அந்தத் தீவைச் சுற்றித்தான் பாசி எடுத்தேன். மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் முளைத்திருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துக்கொண்டு மேலே வர வேண்டும். நாளுக்கு இருநூறு முங்கு, முந்நூறு முங்கு. ஒருநாள் இடது காதுக்குள் ஏதோ பட்டென்று வெடித்து ரத்தம் வந்தது. அதற்கப்புறம் ஆழம் போக முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் தீவைச் சுற்றிப் பாசி எடுக்கத் தடை போட்டார்கள். தடை போட்ட அடுத்த வருசமே நீலக்கண் கம்பெனி வந்துவிட்டது. ஆமை பார்க்கலாம், பவளப்பாறை பார்க்கலாம், கொடுத்துவைத்திருந்தால் ஆவுளியா என்கிற கடல்பசுவைக்கூடப் பார்க்கலாம் என்று வெளியூர்க்காரர்களைக் கூட்டிவந்தது.

விருந்தாளிகள் எல்லோருக்கும் படகுத்துறையிலேயே கண்ணில் ஒரு கண்ணாடியை மாட்டிவிடுவார்கள். அதற்குள்ளே பார்த்தால் கடலில் மிதக்கிற தெர்மாகோல் தெரியாது, அறுந்த வலை தெரியாது. எங்கள் ஊர்க் கூரைகள் இருக்கிற இடத்தில் வெறும் மணலும் பனையும்தான் தெரியும். எங்களைத் தெரியாமல் செய்வதற்குத்தான் சட்டை.

முதல்நாள் அதை என் கையில் கொடுத்தவன் மேற்பார்வையாளர் பிரிட்டோ. பக்கத்து ஊர்ப் பையன்தான். படித்தவன், நல்லவன் என்று அப்போது நினைத்திருந்தேன். இன்றைக்கும் கெட்டவன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அக்கா, இதைப் போட்டா நீங்க இல்ல. அம்புட்டுதான்."

"இல்லன்னா? செத்துட்டனா?"

"அவுக கண்ணாடிக்குள்ள இல்ல. இந்த நூல்லயே ஒரு குறி நெய்ஞ்சிருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி அந்தக் குறியைப் பாத்ததும் குறி ஒட்டியிருக்கிற உடம்பை அப்படியே வழிச்சு எடுத்துட்டு, பின்னால இருக்கிற மண்ணையும் தண்ணியையும் இழுத்து நெரப்பிரும்."

"அப்ப என் மூஞ்சி?"

"மூஞ்சியும் சேத்துத்தான்."

"நல்லதாப் போச்சு. இனிமே பவுடர் எதுக்கு."

அவனும் சிரித்தான். நாங்கள் அதற்கு இல்லாச் சட்டை என்று பேர் வைத்தோம். 'இல்லாச் சட்டையைத் துவைச்சுப் போட்டியா', 'இல்லாச் சட்டை கிழிஞ்சு போச்சு' என்று வாய் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றுதான். புதிதாகக் கல்யாணமான ஒரு சோடி, நான் வாரியோடு நிற்கிற இடத்துக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்று சண்டை போட்டார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே, யாரிடமும் சொல்லக்கூடாத ஒரு விசயத்தைப் புருசனிடம் சொன்னாள். நான் மூச்சுவிடாமல் நின்றேன். நகர்ந்தால் மணல் சத்தம் கேட்டுவிடும். அவர்கள் போன பிறகு அவர்களுடைய தடத்தை அழித்தேன். அந்தப் பெண் சொன்னதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதமாட்டேன்.

சட்டை நைந்துபோனால் புதுசு தருவார்கள். பழசைக் குழியில் போட்டு எரிப்பதும் என் வேலைதான். "ஒரு துண்டுகூட மிஞ்சக்கூடாது அக்கா, விரல்கடை நூல்கூட" என்பான் பிரிட்டோ. சட்டையில் கம்பெனி பேர் அச்சடித்திருக்கிறது, அது தப்பான ஆள் கையில் போய்விடக்கூடாது, அதற்காகத்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நம்புத்தாய் என் தம்பி பெண்டாட்டி. தம்பி கொல்லத்தில் விசைப்படகு வேலைக்குப் போய்விட்டான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவான். அவள் தடைக்குப் பிறகும் பாசிக்குப் போவதை நிறுத்தவில்லை. அவளைப்போல ஊரில் முப்பது பெண்கள். வேறு என்ன தெரியும் எங்களுக்கு? தீவுக்கு மேலே தும்பி என்று நாங்கள் சொல்லுகிற பறக்கும் கருவி சுற்றிக்கொண்டே இருக்கும். ஆளைப் பார்த்தால் ஊளையிடும். ஊளையிட்டால் காவல்படகு வந்து, எடுத்த பாசியையெல்லாம் கடலில் கொட்டிவிட்டுப் போகும்.

போன தை மாதம், கடையில் வைத்து என்னைப் பிடித்தாள்.

"மதினி, ஒங்க சட்டைத் துணி உப்புல இத்துப் போகாதாமே?"

"யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாக. பழசு இருந்தா ஒண்ணு எடுத்தாங்களேன். வெரல்ல சுத்திக்கிருவேன்."

பாசி எடுக்கிறவர்கள் விரல் விரலாகத் துணி சுற்றிக்கொள்வோம். சுற்றாவிட்டால் பாறை, விரலைத் தேங்காய் மாதிரித் துருவிவிடும். பழைய சேலைத் துணி மூன்று நாளில் நைந்துவிடும். அவள் கையை விரித்துக் காட்டினாள். பத்து விரலிலும் வெடிப்பு.

"எரிக்கச் சொல்லியிருக்காக புள்ள. கேட்டா என்ன சொல்றது?"

"அவுக கண்ணுக்குத்தான் நீங்க தெரியவே மாட்டீகளே. யாரைப் பாத்துக் கேப்பாக?"

கடைக்காரன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, அடுத்த நாள் குழியில் போட வேண்டிய சட்டை ஒன்றை மடியில் சுருட்டிக்கொண்டு வந்தேன். விரல்கடை அகலத்துக்கு நாடா நாடாவாகக் கிழித்தேன். கிழிக்கவே பாடாக இருந்தது, அவ்வளவு முரட்டுத் துணி. நம்புத்தாய் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியை மற்றவர்களுக்குக் கொடுத்தாள். அப்புறம் இன்னொரு சட்டை, இன்னொன்று. பங்குனிக்குள் முப்பது பேர் விரலிலும் கம்பெனித் துணிதான். அந்தப் பங்குனியில் ஒருத்தியும் பிடிபடவில்லை. நல்லவேளை, தும்பி பழுதாகிவிட்டது போல என்று நான் நினைத்தேன்.

சித்திரை மாதம் ஒரு புதன்கிழமை. காலை பத்து மணி இருக்கும். வாரியைச் சாத்திவிட்டு நிழலில் நின்றுகொண்டிருந்தேன். கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. கரையிலிருந்து இருநூறு அடி தள்ளி நம்புத்தாயின் வலைப்பை மிதந்துகொண்டிருந்தது. அவள் முங்கும்போது இரண்டு பாதமும் மேலே வந்து மறையும். அப்படி முங்குவது ஊரிலேயே அவள் ஒருத்திதான். தூரத்திலிருந்து பாதத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

பாசியைப் பிய்க்கும்போது அதற்குள் ஒளிந்திருக்கும் புழு பூச்சி எல்லாம் கலைந்து வரும். அதைத் தின்ன ஓரா மீன்கள் கூட்டமாக வந்து கையை மொய்க்கும். நாங்கள் தள்ளிவிட்டாலும் போகாது. முப்பது வருசமும் அந்த மீன்கள் என் கையைக் கொத்திக்கொண்டேதான் இருந்தன. அது எங்களுக்கு ஒரு விசயமே இல்லை.

அடியில் கண்ணாடி வைத்த படகு அப்போதுதான் துறையை விட்டுக் கிளம்பியது. அந்தப் படகை ஓட்ட ஆள் கிடையாது. அதற்கே கண் உண்டு. மீன் எங்கே கூடுகிறதோ, ஆமை எங்கே மேய்கிறதோ, அதுவாகவே பார்த்து அங்கே போய் நிற்கும். அதுதான் கம்பெனியின் பெருமை. 'காட்சிக்கு நாங்கள் பொறுப்பு' என்று படகில் எழுதியே வைத்திருப்பார்கள்.

படகு மெதுவாகத் திரும்பியது. நம்புத்தாய் இருக்கும் பக்கம்.

மீனைப் பார்த்துவிட்டது, அவளையும் பார்த்திருக்கும், ஒதுங்கிப் போகும் என்று நினைத்தேன். ஒதுங்கவில்லை. படகுக்குள் கைதட்டுகிற சத்தம் கேட்டது. நான் கத்தினேன். "ஏ நம்பு! நம்பூ!" தண்ணிக்குள்ளே இருக்கிறவளுக்கு என்ன கேட்கும்? கரையில் மணலில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் புருசனைக் கேட்டாள்: "என்னங்க பறவை இது, இப்படிக் கத்துது?"

அந்தக் கேள்வி இன்னும் என் நல்ல காதில் இருக்கிறது.

நான் நீந்திப் போய்ச் சேரும்போது தண்ணி சிவந்திருந்தது. நம்புத்தாய் மல்லாந்து கிடந்தாள். வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. படகு நகர்ந்து நின்று, மறுபடியும் மீனைத் தேடிக்கொண்டிருந்தது. கண்ணாடித் தரைக்கு அடியில் திடீரென்று கடல் சிவப்பானதற்கு வழிகாட்டி என்ன காரணம் சொன்னான் என்று எனக்குத் தெரியாது.

பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள். மூன்றாம் நாள் பிரிட்டோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தான். உள்ளே வரவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கம்பெனி என்ன சொல்லுது?" என்றேன்.

"படகோட பதிவுல ஆளே இல்லக்கா. வெறும் தண்ணி, மீனு. எங்கயோ விசைப்படகுல அடிபட்டு மெதந்து வந்திருக்காகன்னு எழுதிட்டாக."

"நான் பாத்தேன்டா, என் ரெண்டு கண்ணால."

"தெரியும்." அவன் தலையைத் தூக்கவே இல்லை. "அக்கா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காதீக. அவுக வெரல்ல என்ன சுத்தியிருந்தாக?"

விரல்கடை நூல்கூட மிஞ்சக்கூடாது என்று அவன் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது.

"படகுக்கு எதுக்குடா அந்தக் கண்ணாடியோட கண்ணு?" என்றேன். "பாக்க வாறவுகளுக்கு நாங்க வேண்டாம், சரி. படகுக்கு நாங்க வேணும்ல?"

"மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. தண்ணிக்குள்ள நம்ம ஆளு நின்னா படகு நின்னுரும். உள்ள இருக்கிறவுக, ஒண்ணுமே இல்லாத எடத்துல எதுக்கு நிக்குதுன்னு சத்தம் போட்டாக. அதுக்கப்புறம்தான் படகுக்கும் அவுக பாக்குறதையே குடுத்தாக. சட்டை போட்ட ஆளு தானா ஒதுங்கிக்கிருவாங்கன்னு கணக்கு." ஆப்பிள் பையைப் படியில் வைத்துவிட்டு எழுந்தான். "முங்குற ஆளை யாரு நெனச்சா?"

அவன் போன பிறகு நம்புத்தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மொட்டையாகச் சொல்லிவிட்டேன்.

"நான்தான்டி ஒன் கையை வெட்டுனது. அந்தத் துணியிலதான் குறி இருக்கு. அதைச் சுத்துனதால படகுக்கு நீ தெரியல. நான் தெரியாமக் குடுத்துட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். வலியில் சிரிப்பு பாதியில் நின்றது.

"நீங்க வெரலுக்காகக் கேட்டேன்னா நெனச்சீக?"

"பின்ன?"

"மார்கழியில நாங்க வள்ளத்துல போகையில, தீவுத் தொறையில நீங்க நின்னுக்கிட்டு எங்களைக் கூப்பிட்டீகள்ல, ஞாபகம் இருக்கா? அப்பத் தும்பி வந்துச்சு. எங்களைப் பாத்து ஊளையிட்டுச்சு. ஒங்க தலைக்கு மேலயே சுத்துச்சு, ஒங்களை ஒண்ணும் சொல்லல. அன்னைக்கே புரிஞ்சுபோச்சு. முப்பது பேருக்கும் தெரியும் மதினி. ஒங்களுக்கு மட்டும்தான் தெரியாது. சொன்னா நீங்க பயந்துக்கிட்டுக் குடுக்க மாட்டீகன்னுதான் சொல்லல."

எனக்கு வந்தது கோபமா, நிம்மதியா என்றே தெரியவில்லை.

"படகும் அதே கண்ணுலதான் பாக்கும்னு எங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள். "சரி, போனது போச்சு. விசாரணைக்கு ஆபீசர் வாறாராமே. நீங்கதானே சாட்சி. துணியைப் பத்தி வாயைத் தொறக்காதீக. தொறந்தா முப்பது பேருக்கும் கடல் போச்சு."

"அப்ப ஒனக்கு என்னதான்டி வேணும்?"

இடது கையால் போர்வையை இழுத்து வலது கைக் கட்டை மேல் போட்டுக்கொண்டாள்.

"ஆளே இல்லைங்கிறான். ஆளே இல்லாம யாரு கை வெட்டுப்பட்டுச்சு? நான் அங்கன இருந்தேன்னு எழுதணும். 'இருந்தாள்'. அந்த ஒரு வார்த்தை போதும் மதினி."

விசாரணை பனையங்குடாவில், கம்பெனியின் கரை ஆபீசிலேயே நடந்தது. காலையில் பிரிட்டோ, "வேலை நேரம்தானே அக்கா, சட்டையோடவே வந்துருங்க" என்றான். வந்தேன். வெளியே வேலி ஓரத்தில் முப்பது பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நம்புத்தாய் நடுவில். ஒருத்தி கையும் வெளியே தெரியவில்லை. எல்லாக் கையும் முந்தானைக்குள்.

அதிகாரி பேர் திலகராஜ். வெளியூர். முகத்தில் தூக்கக் கலக்கம். அவருக்கும் எனக்கும் நடுவில் மேசைமேல் ஒரு பதிவுப்பெட்டி. அது கம்பெனியில் கொடுத்தது. நாம் பேசப்பேச, பேசுகிற முகத்தைப் பார்த்து அதுவே எழுதிக்கொள்ளுமாம். திரை சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவர் கண் முழுக்கக் கையிலிருந்த தாளில்.

அரைமணி நேரம் பேசினேன். பாதத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்தது, வலைப்பை, படகு திரும்பியது, எல்லாம் சொன்னேன். "இருந்தாள் சார்" என்று எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை. துணியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

"படகுப் பதிவுல யாரும் இல்லையேம்மா" என்றார்.

"அந்தப் படத்தைப் போடுங்க சார்."

போட்டார். நீலத் தண்ணி, பாறை, பாசி. பாறை ஓரத்தில் ஓரா மீன்கள் நூறு இருநூறு கூடி, ஒரு இடத்தை மட்டும் மொய்த்துக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்றுமில்லை. மீன்கள் அந்த ஒன்றுமில்லாததைக் கொத்தின. அது மேலே போனால் மீன்களும் மேலே போயின. கீழே வந்தால் கீழே வந்தன. பாசி தானாகப் பிய்ந்து தானாகப் போனது.

"சார், அந்த மீனு எதைச் சுத்துது?"

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மீனைச் சாட்சியா எழுத முடியாதும்மா" என்றார். குரல் பழைய மாதிரி இல்லை. "சரி, நீங்க சொன்னது எல்லாம் பதிவாயிருக்கும். கைநாட்டு வச்சிட்டுப் போங்க."

பெட்டியை என் பக்கம் திருப்பினார். பெருவிரல் வைக்கிற கட்டம் ஒளிர்ந்தது. அதற்கு மேலே ஒரே ஒரு வரி. நாற்பத்திரண்டு வயதில், பாசி காயப்போடுகிற கொட்டகையில் மத்தியான வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கற்றவள் நான். வேகமாக வாசிக்க வராது. விரலை வைத்து ஒவ்வொன்றாக வாய்விட்டுத்தான் வாசிப்பேன்.

"சாட்... சி... சாட்சி. வர... வில்... லை."

"என்னம்மா?" என்றார் அதிகாரி.

"சாட்சி வரவில்லைன்னு போட்டிருக்கு சார்."

அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார். வாசலில் நின்ற பிரிட்டோ தரையைப் பார்த்தான். சட்டையோடு வரச் சொன்னது அவன் சொந்த யோசனையா, சொல்லச் சொன்னார்களா என்று நான் இதுவரை கேட்கவில்லை.

"அரைமணி நேரமாப் பேசுறீங்க, ஒரு வரிகூட ஏறலையே. எப்படி?"

எப்படி என்பது எனக்குத் தெரியும். சட்டையோடு எவ்வளவு பேசினாலும் நான் அந்தப் பெட்டிக்கு இல்லை. கழற்றினால் அவர் கண்முன்னே அந்தப் பெட்டியில் நான் முளைப்பேன். அதைப் பார்த்ததும் நம்புத்தாய் எப்படி மறைந்தாள் என்று புரிந்துவிடும். துணியைப் பற்றிக் கேட்பார். கழற்றாவிட்டால் அவளும் இல்லை, நானும் இல்லை, அவள் கையும் இல்லை. வேலை நேரத்தில் சட்டையைக் கழற்றினால் அன்றோடு வேலை போச்சு என்பது வேறு.

ஜன்னல் வழியாக நம்புத்தாயைப் பார்த்தேன். அவள் கண்ணால் 'வேண்டாம்' என்றாள்.

கழற்றினேன். சேலை ரவிக்கைக்கு மேலே போட்டிருந்ததுதானே, வெட்கப்பட ஒன்றுமில்லை. சுருட்டி மேசைக்கு அடியில் போட்டேன். பெட்டி ஒரு சத்தம் போட்டுவிட்டு எழுத ஆரம்பித்தது. அதிகாரி வாசித்தார்: "சாட்சி. பெண். வயது சுமார் அறுபது."

"நாப்பத்தேழு சார்."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து அந்தச் சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தார்.

"அந்தம்மாவும் இதைப் போட்டிருந்தாங்களா?"

"இல்ல சார். வெரல்ல துணி சுத்தியிருந்தா. இந்தச் சட்டைத் துணி. எரிக்கக் குடுத்ததை நான் திருடிக் கிழிச்சுக் குடுத்தேன்."

"அதுல என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்குத்தான் தெரியும்."

"தெரிஞ்சேவா குடுத்தீங்க?"

"ஆமா."

"வேற யாருக்கெல்லாம் குடுத்தீங்க?"

வெளியே முப்பது முந்தானை. காற்றில்கூட அசையவில்லை.

"வேற யாருக்கும் இல்ல சார். அவளுக்கு மட்டும்."

என் வாழ்நாளில் எழுத்தில் ஏறின முதல் சொல் அதுதான். அதில் பாதி பொய். அப்புறம் முதலில் சொன்னதையெல்லாம், 'இருந்தாள்' உட்பட, மறுபடி சொன்னேன். பெட்டி எல்லாவற்றையும் ஒரே மாதிரி எழுதிக்கொண்டது. முடிந்ததும் நான் முழுவதையும் வாசித்தேன். வெகுநேரம் ஆனது, அவர் அவசரப்படுத்தவில்லை. 'இருந்தாள்' என்கிற இடத்தில் விரலை வைத்து இரண்டு தடவை வாசித்தேன். பெருவிரல் வைக்காமல் இருளாயி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கே என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். திருட்டுக்கு வழக்கும் போட்டார்கள், அது இன்னும் நடக்கிறது. நம்புத்தாய் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் வந்து, "தெரிஞ்சே குடுத்தேன்னு எதுக்குச் சொன்னீக? கிறுக்கா ஒங்களுக்கு?" என்று திட்டிவிட்டு, குழம்பு வைத்துவிட்டுப் போனாள்.

விசாரணை அறிக்கை ஆடியில் வந்தது. அதில் 'இருந்தாள்' என்று இருந்தது. நானே வாசித்துக் காட்டினேன். படகுகளுக்கு ஆளைப் பார்க்கிற கண் தனியாக வைக்க வேண்டும் என்று உத்தரவு. தும்பிக்கும் அப்படியே. கம்பெனி மறுக்கவில்லை, உடனே செய்துவிட்டது. கூடவே சட்டையையும் நிறுத்திவிட்டது. இனிமேல் யாருக்கும் சட்டை தேவையில்லை என்று பிரிட்டோ ஊருக்குள் வந்து சொன்னான். எல்லோரும் கைதட்டினோம்.

"அப்ப இனி நாங்க தெரிவோமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"படகுக்குத் தெரிவீங்க, தும்பிக்குத் தெரிவீங்க" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது நானும் பாசிக்குத்தான் போகிறேன். இடது காது அடைத்துக்கொண்டேதான் இருக்கிறது, ஆழம் போவதில்லை. தும்பி ஊளையிடும், காவல்படகு வந்து பாசியைக் கொட்டும், மறுநாள் போவோம். காலையில் வள்ளத்தில் ஏறினதும் என் முதல் வேலை, நம்புத்தாயின் இடது கைக்குத் துணி சுற்றுவது. அவளால் அவளுக்கே சுற்றிக்கொள்ள முடியாது, கட்ட இன்னொரு கை வேண்டுமே. என் பழைய சேலைத் துணியைத்தான் கிழித்துச் சுற்றுகிறேன். மூன்று நாளைக்குத்தான் வரும்.

நேற்று இடுப்பளவு தண்ணியில் நாங்கள் இருவரும் நின்று பாசி பிய்த்துக்கொண்டிருந்தோம். கண்ணாடிப் படகு எங்களைப் பார்த்து வந்தது. பத்தடி தள்ளி நின்றுவிட்டது. முன்பு மாதிரி இல்லை, பளிச்சென்று நின்றது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பாவி மகளே, உன் கைக்கு இது ஒன்றாவது கிடைத்ததே என்று நினைத்தேன்.

படகில் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் கண்ணாடி மாட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி இருந்தார்கள். நான் கையைத் தூக்கி ஆட்டினேன். ஒருவரும் ஆட்டவில்லை. முன்வரிசையில் இருந்தவர் என் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டே வழிகாட்டியிடம் கேட்டார்.

"வெறும் தண்ணியா இருக்கு. எதுக்குப்பா இங்க நிக்குது?"

எங்கள் உடம்பில் குறி இல்லை. சட்டை இல்லை, துணி இல்லை. கண்ணாடிக்கு இனிமேல் குறி தேவையில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனுசர் என்றால் யாரானாலும் வழித்து எடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது.

வழிகாட்டி நம்ம பக்கத்துப் பையன். கண்ணாடி போடாமல்தான் நின்றான். எங்களைப் பார்த்தான், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அடியில பாறை இருக்கு சார். படகு தானா ஒதுங்கிப் போயிரும்" என்றான்.

படகு ஒதுங்கிப் போனது. நம்புத்தாய் குனிந்து மறுபடி பாசியைப் பிய்த்தாள். ஓரா மீன்கள் அவளுடைய ஒரு கையைச் சுற்றிக் கூடின. போகிற படகில் யாரோ அதைப் பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள்.

அவள் நிமிராமலே கத்தினாள்:

"ஏலே, ரெண்டு பாறைன்னு சொல்லு!"